தோட்டத்துப் பெண்களின் பாதுகாப்புக்கு ஒரு கூட்டமைப்பு: எங்கிருந்து தொடங்குவது, யாரைச் சேர்ப்பது?

கேள்வி
எழுதியவர்: பீடோங் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் பக்கத்து நிலவரம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த குடும்பங்களில் பல, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்துவிட்டன. எஞ்சியவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அண்டை வீட்டாராகத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். பெண்கள் பலர் சுங்கை பட்டாணியில் உள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு வேலை முடிந்து வரும் தொழிற்சாலைப் பேருந்து அவர்களைச் சாலை முனையிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவே விளக்கே இல்லாத மண்பாதையில், கைப்பேசி வெளிச்சத்தை நம்பித்தான் வீடு வரை நடக்கிறார்கள்.

பாதையில் இருக்கும் பயம் ஒரு பக்கம். வீட்டுக்குள் நடப்பது இன்னொரு பக்கம். வகுப்புக்கு வராத பிள்ளையைப் பற்றி விசாரித்தால், “நேத்து ராத்திரி அவங்க அப்பா அடிச்சதுல அம்மா பாட்டி வீட்டுக்குப் போயிட்டாங்க டீச்சர்” என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சர்வ சாதாரணமாகச் சொல்கிறது. அந்தச் சாதாரணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இப்படிப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலும் யாராவது ஒரு பெரியவர் தலையிட்டு, இருவரையும் உட்கார வைத்துப் பேசி, அந்தப் பெண்ணைத் திரும்ப அனுப்பி வைக்கிறார். சில வாரங்கள் கழித்து அதே பிள்ளை மீண்டும் வகுப்புக்கு வராமல் போகிறது.

இப்போது பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் மகளிர் பிரிவு, ஓர் இளைஞர் மன்றம், தோட்டத்தில் வேலை செய்யும் சில அக்காமார்கள் ஆகியோர் ஒன்றாகச் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று முன்வந்திருக்கிறார்கள். முதல் கூட்டம் விரைவில் நடக்கவிருக்கிறது. அதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்து எனக்குத் தேவைப்படுகிறது. கூட்டமைப்பை உடனே பதிவு செய்ய வேண்டுமா? இதுவரை “பேசித் தீர்த்துக்கொண்டிருந்த” பெரியவர்களை உள்ளே சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பேரணி, கருத்தரங்கு, பதாகை என்று போகாமல் ஒரு பெண்ணுக்கு உண்மையிலேயே பயன்படும் முதல் வேலை எது?

பதில் 1
எழுதியவர்: சட்ட உதவித் தன்னார்வலர், சுங்கை பட்டாணி

டீச்சர், வணக்கம். பதிவைப் பற்றிய கேள்வி மூன்றில் மிகச் சிறியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம், ஏழு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்த அமைப்பைச் சங்கமாகவே கருதுகிறது. ஆகவே தனிப் பெயர், முத்திரை, வங்கிக் கணக்கு என்று இறங்குவதானால் பதிவு அவசியம். அதுவரை, ஏற்கெனவே பதிவு பெற்ற உங்கள் அமைப்புகளில் ஒன்று தன் கூட்டக் குறிப்பில் இதை ஒரு துணைக்குழுவாக முறைப்படி ஏற்றுக்கொண்டு, மற்றவர்கள் அதனோடு ஒத்துழைப்பதாகத் தொடங்குங்கள். பதிவுக்காகக் காத்திருந்து வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் வேலை எது என்று கேட்டீர்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு வீட்டை விட்டு வெளியே வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அவர் யாரை அழைப்பது, யார் காரோடு வருவது, முதலில் மருத்துவமனைக்கா போலீஸ் நிலையத்துக்கா, விடியும் வரை எங்கே தங்குவது என்ற கேள்விகளுக்கு உங்கள் வட்டாரத்தில் இன்று எழுதிவைத்த பதில் இருக்கிறதா? இல்லையென்றால் அதை எழுதுவதே முதல் வேலை. ஊர் ஊராக நடக்கும் கருத்தரங்குகளில் “சட்டம் உங்களைப் பாதுகாக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சட்டத்தின் வாசல் எந்தச் சாலையில் இருக்கிறது, அங்கே போவதற்கு யாருடைய வாகனம் என்பதைச் சொல்வதில்லை.

நம் நாட்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் மூன்று வகைப் பாதுகாப்பு உத்தரவுகள் உள்ளன. உங்கள் குழுவில் குறைந்தது இருவருக்காவது அவற்றின் வேறுபாடு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது அவசரப் பாதுகாப்பு உத்தரவு, ஆங்கிலச் சுருக்கமாக இ.பி.ஓ. என்பார்கள். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்த உத்தரவை நீதிமன்றம் அல்ல, அதிகாரம் பெற்ற சமூக நல அதிகாரியே வழங்குகிறார். போலீஸ் புகார் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். ஏழு நாளைக்குச் செல்லும். உடலில் காயம்பட்டவருக்கும் காயப்படுத்தப்படுவோம் என்ற அச்சத்தில் இருப்பவருக்கும் உரியது இது. இரண்டாவது இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு. போலீஸ் புகார் செய்து விசாரணை நடக்கும் காலத்தில், சமூக நல இலாகாவின் உதவியோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இதைப் பெறுகிறோம். மூன்றாவது, குற்றச்சாட்டு நீதிமன்றத்துக்குப் போன பிறகு வழங்கப்படும் பாதுகாப்பு உத்தரவு. அது பன்னிரண்டு மாதம் வரை செல்லும், மேலும் நீட்டிக்கவும் இடமுண்டு.

தோட்டப் பகுதிகளில் நான் மீண்டும் மீண்டும் கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: “எங்க கல்யாணம் கோயில்லதான் நடந்துச்சு, பதியல. அதனால போலீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க.” இது தவறு. சமய முறைப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், அது பதிவு செய்யப்படாதிருந்தாலும், இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு அவர் துணைவியே. இதைச் சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்கிறது. தாலி கட்டியும் பதியாமல் விட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சம், சொத்து போன்றவற்றில் பெரும் சிக்கல் உண்டு என்பது உண்மைதான். அதற்காக அடிபட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

இன்னொன்று வீடு. நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவில், வீடு யார் பெயரில் இருந்தாலும், அடித்தவரை வெளியேற்றிப் பாதிக்கப்பட்டவரை அங்கேயே வசிக்க வைக்கும் நிபந்தனையைச் சேர்க்க முடியும். ஆனால் தோட்டத்து வீடு கணவனின் பெயரிலும் இல்லை, அது நிர்வாகத்தின் வீடு. அவன் வேலையோடு ஒட்டியது. அவனுக்கு வேலை போனால் குடும்பமே வெளியேற வேண்டியிருக்கும் என்ற பயத்தில்தான் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. கூட்டமைப்பு என்ற பெயரில் நீங்கள் நிர்வாகத்திடம் பேசப் போகும்போது முதலில் கேட்க வேண்டிய எழுத்துப்பூர்வ உறுதி இதுதான்: வன்முறையைப் புகார் செய்த பெண்ணும் பிள்ளைகளும், வழக்கு முடியும் வரை வீட்டை இழக்க மாட்டார்கள். தனி ஒரு பெண் போய்க் கேட்டால் கிராணி எனப்படும் தோட்ட அலுவலக எழுத்தரின் மேசையைத் தாண்டாது. நான்கு அமைப்புகள் கையெழுத்திட்ட கடிதமானால் மேலாளர் பதில் எழுதியாக வேண்டிய நிலை வரும்.

பாதைப் பிரச்சினைக்கும் சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023-இல் தண்டனைச் சட்டத்தில் 507ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, ஒருவரை அச்சம் கொள்ளும்படி மீண்டும் மீண்டும் பின்தொடர்வது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகிவிட்டது. “மீண்டும் மீண்டும்” என்பதைக் காட்ட வேண்டும் என்பதால், எந்த நாள், எத்தனை மணி, எந்த நிற மோட்டார், என்ன எண் என்று அந்தப் பெண்கள் அன்றன்றே குறித்து வைக்கப் பழக்குங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) தோழிக்கு அனுப்பிய ஒரு வரிச் செய்தியும் பின்னர் உதவும்.

பதில் 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தொண்டன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மேலே உள்ள தம்பி சட்டத்தை நன்றாக விளக்கிவிட்டார். நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். பெண்கள் பாதுகாப்பு என்றாலே அதைக் குடும்ப விவகாரமாகச் சுருக்கிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. தோட்ட வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தினர் வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது ஆகியவற்றோடு, வெள்ளைக்காரர்களும் அவர்கள் பாணியில் அதிகாரம் செய்தவர்களும் தோட்டத்துப் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தத் தலைமுறைக்குச் சம்பளமும் பெண்ணின் மானமும் ஒரே போராட்டமாக இருந்தன. உங்கள் சொந்த மண்ணான பீடோங்கிலும், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஹார்வார்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. குடித்துவிட்டு வருபவனிடம் அடி வாங்குவது யார் என்று அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்; இந்த வேலை அவர்களுக்கு அந்நியமானது அல்ல.

கூட்டமைப்பு என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் இந்நாட்டில் முன்னுதாரணம் உண்டு. 1985-இல் பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்த்துக் கூட்டு நடவடிக்கைக் குழு உருவானபோது, அதில் பெண்கள் உதவி அமைப்பும் பெண் வழக்கறிஞர்களும் மட்டும் இருக்கவில்லை. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் மகளிர் பிரிவும் ஒரு பயனீட்டாளர் சங்கமும் சேர்ந்திருந்தன. தொழிலாளியும் வழக்கறிஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்ட சட்டம் வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. வந்த சட்டத்தை அமல்படுத்த வைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் நெருக்க வேண்டியிருந்தது. பாரகுவாட் களைக்கொல்லி கதையும் அப்படித்தான். நம் தோட்டத்துப் பெண்கள் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்து, நகம் கழன்று, மூக்கில் இரத்தம் கசிந்து வாழ்ந்த காலத்தில், ஐரின் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகானித்தா போன்ற அமைப்புகள் அந்தப் பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டின. 2002-இல் தடை அறிவிக்கப்பட்டது, 2006-இல் தளர்த்தப்பட்டது, 2020 ஜனவரியில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஓராண்டில் பலன் தெரியவில்லை என்று கலைந்து போகிறவர்களை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. தொடக்கத்திலேயே அதை எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்றைய நிலையில் தோட்ட நிர்வாகத்தை அசைக்கும் பிடி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. நீடித்த செம்பனை எண்ணெய் உற்பத்திக்கான அனைத்துலக அமைப்பான ஆர்.எஸ்.பி.ஓ.வின் சான்றிதழ் பெற்ற தோட்டமாக இருந்தால், அங்கே பெண்களின் பிரச்சினைகளைக் கவனிக்கும் பாலினக் குழு ஒன்று இயங்க வேண்டும் என்பது அந்தச் சான்றிதழின் விதிகளிலேயே உள்ளது. 2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியாவின் இரு பெரும் செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தியபோது, கட்டாய உழைப்புக்கான அறிகுறிகளில் உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறையையும் குறிப்பிட்டது. அதன் பிறகு நிர்வாகங்கள் இந்த விஷயத்தில் காது கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. பாலினக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது, வெளிக்காட்டு வேலைக்குப் போகும் பெண் ஒருவராவது உறுப்பினராக இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகத்துக் குமாஸ்தா பெண்கள் பெயரை மட்டும் எழுதிவைத்திருந்தால் அது காகிதக் குழு.

2023 ஜனவரி முதல், வேலையிடத்தில் பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பது வேலைச் சட்டப்படி முதலாளியின் கடமை. வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் பார்க்கும் பெரட்டு நடக்கும் இடத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) தொல்லை கொடுத்தால் போலீசுக்குப் போகத் தயங்கும் பெண்ணுக்கு, 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் இன்னொரு வழி. அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டியதில்லை, விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடக்காது, இழப்பீடு 250,000 ரிங்கிட் வரை கிடைக்கலாம்.

பதில் 3
எழுதியவர்: கோயில் செயலவை உறுப்பினர்

வணக்கம். ஆசிரியையின் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெரியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போன்ற தொனி இங்கே தெரிவதால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கணவன் மனைவி சண்டை என்று வந்தால் முதலில் கதவைத் தட்டுவது எங்களிடம்தான். போலீஸ் வருவதற்கு முன் நாங்கள் போய் நிற்கிறோம். புகார் கொடுத்தால் அவன் உள்ளே போவான், சம்பளம் நிற்கும், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? குடும்பம் உடையக்கூடாது என்பதற்காகத்தான் பேசுகிறோம். எவனுக்கும் சலுகை காட்டுவதற்காக அல்ல. எங்களை வெளியே நிறுத்திவிட்டு இந்தக் கூட்டமைப்பைத் தொடங்கினால் ஊரில் பாதிப் பேர் பக்கத்தில் வரமாட்டார்கள். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

பதில் 4
எழுதியவர்: வடக்குப் பகுதி மகளிர் ஆதரவாளர்

ஐயாவின் கருத்துக்கு மரியாதையோடு பதில் சொல்ல விரும்புகிறேன். கதவைத் தட்டியதும் நீங்கள் ஓடி வருகிறீர்கள் என்பது பெரிய விஷயம். எந்த இலாகாவும் அவ்வளவு விரைவாக வராது. ஆகவே உங்களை வெளியே நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதை மாற்றியாக வேண்டும். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பாயில் உட்கார வைத்து, “என்னம்மா நடந்தது, பயப்படாம சொல்லு” என்று கேட்டால், அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அன்றிரவு அவள் திரும்பிப் போக வேண்டியது அவன் இருக்கும் வீட்டுக்குத்தான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சூழலில் அவள் சொல்லும் “சரி” சம்மதம் ஆகாது. கடன் தகராற்றையும் எல்லைத் தகராற்றையும் பேசித் தீர்க்கலாம், அடிப்பது குற்றம். அதில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று ஐயா கேட்டது நியாயமான கேள்வி. கூட்டமைப்புக்குள் கோயிலுக்கு உரிய இடமும் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அரிசி, பால் மாவு, பள்ளிப் பேருந்துக் கட்டணம், முதல் மாத வாடகை ஆகியவற்றுக்குக் கோயில் ஒரு சிறு நிதியை ஒதுக்கட்டும். சமூக நல இலாகாவின் உதவித் தொகைக்கு விண்ணப்பித்து அது வந்து சேரும் வரையுள்ள இடைவெளியில்தான் பெண்கள் மனம் தளர்ந்து திரும்பிப் போகிறார்கள். அந்த இடைவெளியைக் கோயில் நிரப்பினால் அதைவிடப் பெரிய அறப்பணி இருக்க முடியாது. சமரசம் பேசுவதில்லை, பாதிக்கப்பட்டவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று யாரிடமும் சொல்வதில்லை என்ற இரண்டு விதிகளுக்கும் கையெழுத்திட்டுத் தருபவர் யாராக இருந்தாலும், ஐயா உள்பட, குழுவில் இருக்கலாம். கையெழுத்திட மனமில்லாதவர் நிதிக்கும் போக்குவரத்துக்கும் உதவட்டும். தனிப்பட்ட விவரங்கள் அவர் கைக்குப் போக வேண்டாம்.

இரகசியம் காப்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. நல்லெண்ணத்தோடு முப்பது பேர் உள்ள புலனக் குழுவில், “இன்னார் வீட்டில் பிரச்சினை, யாராவது கார் அனுப்ப முடியுமா” என்று ஒருவர் எழுதிவிட்டால், பத்து நிமிடத்தில் அது கணவனின் தம்பி கைப்பேசிக்குப் போய்விடும். அழைப்பை ஏற்க ஒருவர், மாற்று ஆளாக ஒருவர், காருக்கு ஒருவர். ஒரு சம்பவத்தை அறிந்தவர்கள் இந்த மூவர் மட்டுமே. மற்றவர்களுக்கு மாதக் கூட்டத்தில் எத்தனை அழைப்புகள் வந்தன என்ற எண்ணிக்கை போதும். டீச்சர், உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பள்ளிப் பிள்ளைகளிடம் தகவல் சேகரிக்கும் முறைக்கு மட்டும் போய்விடாதீர்கள். பிள்ளை சொன்னதால்தான் வெளியே தெரிந்தது என்று வீட்டில் தெரிந்தால் அடி அந்தப் பிள்ளைக்கு விழும். பிள்ளையே ஆபத்தில் இருப்பதாக அறிந்தால் மட்டும் தாமதிக்காமல் சமூக நல இலாகாவுக்கோ போலீசுக்கோ தெரிவித்துவிடுங்கள்.

போலீஸ் நிலையத்துக்குத் துணையாகப் போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயிற்சியில் நடித்தே காட்டுங்கள். முகப்பில் இருப்பவர் மலாயில் வேகமாகக் கேட்பார். அந்தப் பெண் பயத்தில் “பெர்காடு” (சண்டை) என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுவார். வெறும் வாய்ச்சண்டை என்று புகார் பதிவாகிவிட்டால் பின்னால் எல்லாமே பலவீனமாகிவிடும். எதைக் கொண்டு அடித்தான், எங்கே பட்டது, கழுத்தை நெரித்தானா, இதற்கு முன்னும் நடந்திருக்கிறதா, பிள்ளைகள் பார்த்தார்களா என்பதெல்லாம் அந்தப் புகாரில் ஏற வேண்டும். துணைக்குப் போகிறவர் அவளுக்காகப் பேசக்கூடாது. அவள் சொல்வதை நிதானமாக, முழுமையாகச் சொல்ல உதவலாம், மொழிபெயர்க்கலாம். கையெழுத்திடும் முன் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புகாரின் நகலையும், விசாரணை அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதால், உள்ளூர் நிலையத்தில் கணவனுக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்ற கவலை இருந்தால் சுங்கை பட்டாணிக்கே அழைத்துச் சென்றுவிடுங்கள்.

காயம் இருந்தால் மருத்துவமனைதான் முதலில். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், இத்தகையவர்களைத் தனியிடத்தில் வைத்துப் பார்க்கும் ஓரிட நெருக்கடி மையம் என்ற ஏற்பாடு உண்டு. 1990-களின் நடுப்பகுதியில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் பரவியது அது. பாலியல் வன்முறை என்றால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் கொண்டுபோக வேண்டும். கர்ப்பத்தையும் தொற்றையும் தடுக்கும் மருந்துகளுக்கு 72 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், எவ்வளவு முன்னதாகப் போகிறோமோ அவ்வளவு நல்லது. உடனடி ஆபத்துக்கு 999, ஆலோசனைக்கும் அடைக்கலத்துக்கும் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே உதவி எண் 15999. அருகில் பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் மாற்றத்துக்கான மையத்தோடு இப்போதே பேசி, அவர்களின் ஆலோசகர்கள் உங்கள் குழுவுக்குப் பயிற்சி அளிக்க முடியுமா என்று கேளுங்கள். ஆபத்து வந்த இரவில் அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.

கடைசியாக ஒன்று. தோட்டத்தில் இருக்கும் இந்தோனேசிய, நேப்பாளப் பெண்களையும், அடையாள அட்டை இல்லாத நம் பெண்களையும் மறந்துவிடாதீர்கள். தாக்கப்பட்டாலும் அவர்கள் போலீசுக்குப் போக அஞ்சுவது ஆவணத்துக்காக. அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். முதலில் தெனாகானித்தா போன்ற அமைப்பின் ஆலோசனையைப் பெற்று, துணையோடு அழைத்துச் செல்லுங்கள். மனித உரிமைக் கூட்டமைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு, பக்கத்து லயத்துப் பெண்ணை “அவங்க வேற நாடு” என்று விட்டுவிட முடியாது.

பதில் 5
எழுதியவர்: பீடோங் ஆசிரியை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடமும் தோட்டத்து அக்காமார்களிடமும் வாசித்துக் காட்டினேன். சமரசம் இல்லை, இரகசியம் உண்டு என்ற இரண்டு விதிகளையும் முதல் கூட்டத்தின் முதல் தீர்மானமாக வைக்கிறோம். கோயில் செயலவைக்கும் முறையான அழைப்புக் கடிதம் போகிறது. நிதியைப் பற்றிப் பேச ஐயாவும் வருவார் என்று நம்புகிறேன்.

ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. சாலை முனையிலிருந்து வீடு வரையுள்ள பாதைக்கு விளக்கு கேட்டால், நகராண்மைக் கழகம் அது தோட்ட நிலம் என்கிறது. தோட்ட அலுவலகம், அந்தப் பேருந்து நிறுத்தம் எங்களுடையது அல்ல என்கிறது. கடிதத்தை யாருக்கு எழுதுவது?

பதில் 6
எழுதியவர்: சட்ட உதவித் தன்னார்வலர், சுங்கை பட்டாணி

டீச்சர், கடிதத்தைத் தனித்தனியாக எழுதாதீர்கள். ஒரே கடிதத்தை நகராண்மைக் கழகம், தோட்ட மேலாளர், தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு, மாவட்டப் போலீஸ் தலைமையகம் ஆகிய நால்வருக்கும் முகவரியிட்டு, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல் வையுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது அப்போது எழுத்தில் பதிவாகும். கடிதத்தோடு, கையால் வரைந்தாலும் போதும், பாதையின் வரைபடம் ஒன்றை இணைத்து, பேருந்து நிற்கும் இடம், விளக்கில்லாத பகுதி, யாரோ பின்தொடர்ந்ததாகப் பெண்கள் சொன்ன இடங்கள் ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள். பெண்களின் பெயர்கள் அதில் வேண்டாம். விளக்குக் கம்பம் வர மாதக் கணக்கில் ஆகலாம். ஆனால் பேருந்தைச் சாலை முனையில் நிறுத்தாமல் லயத்து வாசல் வரை உள்ளே கொண்டுவருவதற்குத் தொழிற்சாலையின் உத்தரவும், கேட்டைத் திறந்துவிடத் தோட்ட மேலாளரின் சம்மதமும் இருந்தால் போதும். அந்தக் கோரிக்கையைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.